பதினான்காம் தேதி வீடியோ

அத்தியாயம் 9

இதுவரை நான் சொன்னதைப் படித்தவர்கள் என்மேல் கொஞ்சம் பரிதாபப்பட்டிருப்பீர்கள். பட்டது பட்டதாகவே இருக்கட்டும், திருப்பிக் கேட்காதீர்கள். ஆனால் ஒரு விஷயத்தை உங்களிடமிருந்து மறைத்துவிட்டேன். அதைச் சொல்லாமல் இந்த வாரம் கதை நகராது.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். லெஸ்கோவாட்ஸ் ஊரில் இரண்டு மாடி வீடு. கீழே நானும் என் வீட்டுக்காரரும். அவர் மாதத்தில் மூன்று வாரம் லாரியோடு ஆஸ்திரியாவில் இருப்பார். மேலே கொழுந்தன் லாசரும் அவன் மனைவி நெவேனாவும். இரண்டு தளத்துக்கும் மகாராணியாக என் மாமியார் ஸ்தமேனா. நான் வெரிட்சா. இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம். நெவேனா வந்து பதினாலு மாதம்.

நெவேனாவுக்கு இருபத்திமூன்று வயது. இசைப் பள்ளியில் அக்கார்டியன் சொல்லிக்கொடுப்பவள். அவள் சிரித்தால் மாமியாரும் சிரிப்பார். நான் சிரித்தால், "என்ன, பால் பொங்கிடுச்சா?" என்பார்.

செப்டம்பர் தொடக்கத்தில் நெவேனாவுக்கு நாலு நாள் காய்ச்சலும் தலைவலியும் வந்தன. காய்ச்சல் விட்டது. தூக்கமும் சேர்ந்து விட்டுப்போனது. டிவியில் செய்தி வாசிப்பவர் தன் பெயரைச் சொல்லுகிறார் என்றாள். மாணவர்களின் பெயர்களை மறந்தாள். நான் வைத்த சூப்பில் விஷம் இருக்கிறது என்று கத்தித் தட்டைத் தள்ளினாள். பிறகு முற்றத்து அடுப்பருகே மயங்கி விழுந்தாள். இரண்டு நாள் கழித்து மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். பதினேழு நாள் ஆகிவிட்டது. இப்போது பேச்சே இல்லை.

இவ்வளவும் முன்பே சொன்னதுதான். மறைத்தது இது: அவள் விழுவதற்குச் சற்று முன் அவளை நான் செல்போனில் படம் பிடித்தேன்.

அன்றைக்கு அய்வார் போடுகிற நாள். சிவப்புக் குடமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, பெரிய சட்டியில் மணிக்கணக்காகக் கிண்டி, குளிர்காலத்துக்கு ஜாடிகளில் அடைப்போம். தோலுரிக்க நாலு பேர் உட்காரலாம், கிண்டுவது ஒருத்திதான். எங்கள் வீட்டில் அந்த மரத்துடுப்பு மாமியாருடையது. அவர் கையிலிருந்து அது யார் கைக்குப் போகிறதோ அவள்தான் இனி இந்த வீட்டுக்காரி. பதினாறு செப்டம்பர் நான் விரல் வெந்து தோலுரித்தேன், ஒவ்வொரு வருஷமும் இந்த வருஷம் தருவார் என்று நினைத்துக்கொண்டு.

பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மாமியார் துடுப்பை நெவேனாவிடம் கொடுத்தார். "கையில ஏதாவது வேலை இருந்தா மனசு தெளியும், கண்ணு" என்றார்.

அடுப்புப் புகை எல்லாருக்கும் கண்ணில் பட்டது. எனக்குக் காதில் வந்தது.

பிறகு மாமியாரும் மற்றவர்களும் காப்பி குடிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். நானும் நெவேனாவும் மட்டும் இருந்தோம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே உதட்டைக் குவித்தாள், மென்றாள், நாக்கை நீட்டி இழுத்தாள், ஒரு பக்கமாக வாயைக் கோணினாள். திரும்பத் திரும்ப. தோலுரிக்கும்போது என் உதடு தானாக அசையும். என் வீட்டுக்காரரே முயல் என்று கேலி செய்வார். இவளும் அதைத்தான் செய்கிறாள் என்று எனக்குப் பட்டது. துடுப்பும் வாங்கிக்கொண்டு கேலியுமா? இந்தத் தங்கப் பெண்ணின் லட்சணத்தை வீட்டுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன்.

எடுத்தேனே தவிர யாருக்கும் காட்டவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். இனி இந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

காலையில் இரண்டாம் தவணை மிளகாயைச் சுட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை முழுக்கப் புகை.

"ஜன்னல மூடு, வெரிட்சா! பின்கதவும் தெறந்திருக்கு, இதுவும் தெறந்திருக்கு. ஒருத்திய காத்துக்குக் குடுத்தது போதாதா?"

"அத்தை, புகை போக வேணாமா?"

"புகையில யாரும் செத்ததில்ல. குறுக்குக் காத்துல போனவங்க பேரச் சொல்லட்டுமா?"

சொல்லுவார். அந்தப் பட்டியல் எனக்கே மனப்பாடம். எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்து நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்தால் தொலைந்தது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். பல்வலி, கழுத்துப் பிடிப்பு, மலட்டுத்தனம், பரீட்சையில் தோல்வி எல்லாமே அந்தக் காற்று செய்வதுதான். நெவேனா தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியோடு இரண்டு ஜன்னலுக்கு நடுவே அக்கார்டியன் வாசித்தாள், அன்றைக்கே மூளைக்குள் காற்று புகுந்துவிட்டது என்பது மாமியாரின் முடிவு.

நான் ஜன்னலை மூடினேன். மாமியார் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கோழி சூப், தன் சொந்த இறகுத் தலையணை, முதல் தவணை அய்வாரில் ஒரு ஜாடி, எல்லாம் நெவேனாவுக்கு. எனக்குப் பித்தப்பையை எடுத்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வி, ஜாடி மூடியெல்லாம் எங்கே வைத்திருக்கிறாய் என்பதுதான்.

லாசர் மாடியிலிருந்து இறங்கி வந்தான். பதினேழு நாளில் பாதியாகிவிட்டான்.

"அண்ணி, இன்னிக்கு நீங்களும் வரணும்."

"நானா? பேக்கரில யாரு நிப்பா?"

"லீவு சொல்லிடுங்க. நரம்பு டாக்டரம்மா ஒருத்தங்க புதுசா வந்திருக்காங்க. வீட்ல அவளோட இருந்த எல்லாரையும் பாக்கணும்னாங்க." அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "செவ்வாக்கிழம அவள மனநோயாளிங்க விடுதிக்கு மாத்தறாங்க. காகிதமெல்லாம் ரெடி. நான் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"எத்தன நாளைக்குடா?" என்றார் மாமியார்.

"அங்க போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பாத்ததில்லம்மா."

மாமியார் ஜாடியை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். என் மனசுக்குள் என்ன ஓடியது என்பதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மேல்தளம் காலியாகும். துடுப்பு சுவரில் மாட்டியே கிடக்கும், எடுக்க என்னைத் தவிர ஆளிருக்காது. இந்த எண்ணம் ஒரு நொடிதான் வந்துபோனது என்று சொல்ல ஆசைதான். அது பதினேழு நாளாக என்னோடுதான் குடியிருந்தது.

காரில் ஒரு கண்ணாடியைக்கூட இறக்க மாமியார் விடவில்லை. சூப் வாசனையில் மூச்சு முட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

நரம்பு டாக்டரம்மா பெட்கோவிச்சுக்கு என் வயதைவிடக் குறைவுதான் இருக்கும். மேஜையில் ஒரே காகிதக் குப்பை. எதிரே மனநலப் பிரிவின் பெரிய டாக்டரும் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இதில் இஷ்டமில்லை என்பது அவர் கடிகாரத்தைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்" என்றார் டாக்டரம்மா. "நெவேனாவுக்கு இப்ப வாய் தானா அசையுது. மெல்றது, நாக்க நீட்றது. கையும் அப்பப்ப விறைக்குது. இதெல்லாம் எப்ப ஆரம்பிச்சுது?"

"மாத்திரையால வர்றது. நெறைய பேருக்குப் பாத்திருக்கேன்" என்றார் பெரிய டாக்டர்.

"இருக்கலாம், சார். மாத்திர ஆரம்பிச்சது பதினாறாம் தேதி. அதுக்கப்புறம் வந்ததுன்னா நீங்க சொல்றதுதான் சரி, நான் வாய மூடிக்கிறேன். அதுக்கு முன்னாடியே இருந்துச்சுன்னா இது வேற வியாதி." டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். "நல்லா யோசிங்க. வாயோ கையோ தானா அசைஞ்சத யாராவது முன்னாடி பாத்தீங்களா?"

லாசர் இல்லையென்று தலையாட்டினான். "நான் பகல்ல வேலைல இருப்பேன், டாக்டர். பாக்கல."

மாமியார், "இல்லம்மா. அந்த மாதிரி வியாதி எதுவும் எங்க வீட்ல இல்ல" என்றார்.

என் முறை வந்தது. கைப்பைக்குள் போன் கல்லாகக் கனத்தது.

"நான் கவனிக்கல" என்றேன்.

நடையில் வந்து உட்கார்ந்ததும் மாமியார் தலைக்குட்டையின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார்:

"வாய் கோணிச்சுதான். அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம. ராக்கியா சாராயத்துல துணிய நனைச்சுக் கட்டினேன், சரியாப் போச்சு."

"அத்தை! இத ஏன் உள்ள சொல்லல?"

"எத? காத்து பட்டதையா? அவங்க வியாதியக் கேட்டாங்க. காத்து பட்டதச் சொன்னா படிச்சவங்க சிரிப்பாங்க."

லாசர் பாய்ந்து உள்ளே போய்ச் சொன்னான். பெரிய டாக்டரின் குரல் கதவுக்கு வெளியே கேட்டது. "ஞாபகத்துலருந்து ஒரு ஞாயித்துக்கெழமயச் சொன்னா எப்படி? எந்த ஞாயிறு? கேட்டுட்டு வந்து சொல்லுங்க." மாமியாருக்கு எந்த ஞாயிறு என்பது குழம்பிவிட்டது. முதலில் ஒன்று சொன்னார், பிறகு இன்னொன்று. மாத்திரைக்கு முன்னா பின்னா என்று கேட்டதும் அழ ஆரம்பித்தார்.

எனக்குத் தேதி தெரியும். என் போனுக்கு நிமிஷம் உட்படத் தெரியும். ஆனால் அந்த வீடியோவில் என் குரலும் இருக்கிறதே.

"ஒரு தடவ பாத்துட்டு வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

அந்த வார்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. பார்க்க விடும் ஒவ்வொரு வியாழனும் ஏதாவது சாக்கு சொல்லித் தப்பித்திருந்தேன். நெவேனாவை முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரவைத்திருந்தார்கள். அந்த அடர்த்தியான முடியைக் குட்டையாக வெட்டிவிட்டார்கள். அந்த முடியைப் பார்த்தும் எத்தனை நாள் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

மாமியார் ஓடிப்போய், "மகளே" என்றார். பதினாறு வருஷத்தில் என்னை ஒரு தடவைகூட அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. இந்த நிலையிலும் எனக்கு அது உறைத்தது என்றால் என்னை என்னவென்று சொல்வீர்கள்?

நெவேனா யாரையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு குவிந்தது. மென்றாள். நாக்கு வெளியே வந்து உள்ளே போனது. வாய் ஒரு பக்கம் கோணியது. திரும்பத் திரும்ப.

அதே முகம். அன்றைக்கு என்னைப் பார்த்துச் செய்தது ஒன்றுகூடப் பிசகவில்லை.

சுவரையா கேலி செய்வாள்?

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைக் கேலி செய்யவே இல்லை. ஒரு நாளும் செய்ததில்லை. பதினாலு மாதமாக அவள் ஒவ்வொரு பார்வைக்கும் நான் ஓர் அர்த்தம் கண்டுபிடித்து, அதை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறேன். அவளோ என்னை நினைக்கக்கூட இல்லை. அன்றைக்கு அவள் கண்முன் நான் இருந்த இடத்தில் ஒரு சுவர் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில், அவள் மனதில் எனக்கு அவ்வளவு இடம்கூட இல்லையே என்று கொஞ்சம் வலிக்கவும் செய்தது. என் மனசின் அழகு அப்படி.

டாக்டரம்மாவின் அறைக்கு நானே நடந்தேன்.

"டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன். எங்கிட்ட வீடியோ இருக்கு. நீங்க மட்டும் பாருங்க."

"குடுங்க."

பெரிய டாக்டர் எழுந்து போகவில்லை. லாசரும் மாமியாரும் என் பின்னாலேயே வந்துவிட்டார்கள். டாக்டரம்மா சத்தத்தைக் குறைக்காமலே ஓடவிட்டார்.

முற்றம். அடுப்பு. கையில் துடுப்போடு நெவேனா. அந்த வாய். பிறகு என் குரல்.

"பண்ணு, இன்னும் பண்ணு! ஊரே பாக்கட்டும் உன் லட்சணத்த. பதினாறு வருஷம் தோலுரிச்சவ நானு, நேத்து வந்த உனக்குத் துடுப்பு கேக்குதா? மேனாமினுக்கி! நீ இந்த வீட்ட விட்டு ஒழிஞ்சாத்தான்டி எனக்கு நிம்மதி."

வீடியோவில் நெவேனாவின் இடது கை விறைத்துக் கோணியது. கண் ஒரு பக்கம் செருகியது. துடுப்பு கீழே விழுந்தது. படம் ஆடி, என் செருப்பைக் காட்டி, நின்றது.

டாக்டரம்மா தேதியைப் பெரிய டாக்டரிடம் காட்டினார். "செப்டம்பர் பதினாலு, சார். சாயங்காலம் நாலு பத்து."

பெரிய டாக்டர் போனை வாங்கி இன்னொரு தடவை பார்த்தார். என் குரல் இன்னொரு தடவை கேட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வலிப்பு" என்றார் மெதுவாக. "நான் தப்பா நெனச்சுட்டேன். விடுதிக் காகிதத்த நிறுத்துங்க. முதுகுத்தண்டுத் தண்ணிய இன்னிக்கே எடுத்துடுங்க."

லாசருக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"உடம்புக்குள்ள காவலுக்கு ஒரு படை இருக்குல்ல? சில சமயம் அது ஆள் தெரியாம சொந்த மூளையையே தாக்கும். பாக்கறவங்களுக்குப் பைத்தியம் மாதிரியே இருக்கும். சந்தேகம் அதுதான். பரிசோதன முடிவு வர ஒரு வாரம் ஆகும், ஆனா அதுவரைக்கும் காத்திருக்க வேணாம், மருந்த ஆரம்பிச்சுடலாம். வயித்துக்குள்ள கட்டி ஏதாவது இருக்கான்னும் பாக்கணும், சில பேருக்கு அதுலருந்துதான் கிளம்பும்."

"பொழச்சுடுவாளா?"

"நேரத்தோட பிடிச்சா நெறைய பேரு எழுந்து வர்றாங்க. சத்தியம் பண்ண முடியாது."

லாசர் சுவரில் சாய்ந்து அழுதான். நான் தப்பித்துவிட்டேன் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்போதுதான் டாக்டரம்மா பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வீடியோ நின்னப்புறம் எவ்வளவு நேரம் நினைவில்லாம கெடந்தாங்க? கை கால் வெட்டி இழுத்துச்சா?"

"தெரியாது."

"நீங்கதான எடுத்தீங்க?"

"நடிக்கிறான்னு நெனச்சேன், டாக்டர். கோவத்துல பையத் தூக்கிட்டுக் கடைக்குப் போயிட்டேன். ஜாடி மூடி வாங்க."

"அவங்கள அப்படியே விட்டுட்டா? எரியற அடுப்புக்குப் பக்கத்துல?"



லாசர் அழுகையை நிறுத்திவிட்டான்.

"அண்ணி, மூணு மணிலருந்து கடைலதான் இருந்தேன்னு சொன்னீங்க" என்றான். "அவள தனியா விட்டுட்டு வேலைக்குப் போனேனேன்னு நான் பதினேழு நாளா என்னையே திட்டிட்டு இருக்கேன். நீங்க பக்கத்துல உக்காந்து எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தீங்க."

மேஜையிலிருந்த என் போனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "சனிக்கிழம அண்ணன் வருவாருல்ல. அவரும் பாக்கட்டும்."

நான் மாமியாரைப் பார்த்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய், மூடியிருந்த ஜன்னலைத் தள்ளித் திறந்தார். கதவும் திறந்துதான் இருந்தது. காற்று குறுக்கே பாய்ந்து மேஜைக் காகிதங்களைத் தரையில் வாரி இறைத்தது. ஈரக் கன்னத்தோடு அவர் அதற்கு நேர் நடுவில் நின்றார்.

"நீ வீட்டுக்கு வர வேணாம்" என்றார். "அவ பக்கத்துலயே இரு. சூப்ப ஊட்டு, வாயத் தொடச்சு விடு. அவ கண்ணு தெளிஞ்சு பாக்கறப்ப மொதல்ல உன் மூஞ்சியத்தான் பாக்கணும். என்ன பண்ணினேன்னு நீயே அவகிட்ட சொல்லு."

டாக்டரம்மா குனிந்து காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "பொழச்சு வந்தாலும் அவங்களுக்கு இந்த நாளெல்லாம் அநேகமா ஞாபகம் இருக்காதும்மா. காய்ச்சல் வந்ததுலருந்து எல்லாமே அழிஞ்சு போயிருக்கும்."

சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நான் வார்டுக்கு நடந்தேன். அவளுக்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காதாம்.

அதிலும் எனக்கு அவள்மேல் பொறாமைதான் வந்தது.